கனத்த உடலுக்கு எவ்வளவு மருந்து?

காஸ்போஃபங்கின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக்கு இரண்டு விதிகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் அந்த மருந்தோடு வரும் குறிப்பு, முதல் நாள் 70 மில்லிகிராம், மறுநாளிலிருந்து 50 மில்லிகிராம் என்று சொல்லிவிட்டு, நோயாளி 80 கிலோவுக்கு மேல் இருந்தால் தினமும் 70 மில்லிகிராமையே தொடரச் சொல்கிறது. அமெரிக்கக் குறிப்பில் அந்த வரி கிடையாது. அங்கே 60 கிலோ ஆளுக்கும் 160 கிலோ ஆளுக்கும் இரண்டாம் நாளிலிருந்து அதே 50 மில்லிகிராம்தான். மருந்து ஒன்று, அதை முதலில் தயாரித்த நிறுவனம் ஒன்று, கொல்ல வேண்டிய பூஞ்சையும் ஒன்று. இரத்தத்தில் பூஞ்சை புகுந்து உயிருக்குப் போராடுகிறவருக்கு இந்த 20 மில்லிகிராம் சில்லறைக் கணக்கல்ல.

அந்தப் பூஞ்சை பெரும்பாலும் கேண்டிடா. ஈஸ்ட் வகையைச் சேர்ந்தது. ஆரோக்கியமான பலருடைய வாயிலும் குடலிலும் அது தொந்தரவு செய்யாமல் குடியிருக்கிறது. கழுத்துச் சிரையில் செருகிய குழாயான சென்ட்ரல் லைன், ஓட்டை விழுந்த குடலுக்குச் செய்த அறுவை, வாரக்கணக்கில் ஏறிய ஆன்டிபயாடிக் என்று ஏதோ ஒன்று வழிவிடும்போது இரத்தத்துக்குள் இறங்கிவிடுகிறது. டாக்டர்கள் இதைக் கேண்டிடீமியா என்கிறார்கள். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 25,000 பேருக்கு இது வருவதாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டிருக்கிறது. இந்தியாவில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்த்து, சண்டிகர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் அருணலோக் சக்ரவர்த்தி தலைமையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு 1,400 நோயாளிகளைக் கணக்கெடுத்தது. ஐ.சி.யூ.வில் சேரும் ஆயிரம் பேரில் 6.51 பேருக்கு இந்தத் தொற்று, வந்தவர்களில் 44.7 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்துபோனார்கள்.

தாமதம் எப்படிக் கொல்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 230 நோயாளிகளைப் பார்த்தது. கல்ச்சருக்கு இரத்தம் எடுத்த அன்றே ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தொடங்கியவர்களில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள். மறுநாள் தொடங்கியவர்களில் 24, இரண்டாம் நாள் தொடங்கியவர்களில் 37, மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் 41 சதவீதம். நேரத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் மருத்துவம் அளவுக்கும் அதே மதிப்பைக் கொடுத்திருக்க வேண்டும். முதல் நாளே மருந்து ஏறியும் அது போதாத அளவில் ஏறினால், அந்த நோயாளிக்கு மருந்து தாமதமாகிறது என்றே பொருள்.

போதாமல் போகும் வாய்ப்பு யாருக்கு அதிகம்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 89 கோடிப் பெரியவர்கள் உடல் பருமனோடு வாழ்ந்தார்கள். அமெரிக்காவில் 2017-18இல் பெரியவர்களில் 42.4 சதவீதம் பேர் அந்த வகை. சர்க்கரை நோய், வயிற்று அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள், கையில் சிரை கிடைக்காமல் நீண்ட நாள் விட்டுவைக்கப்படும் சென்ட்ரல் லைன் என்று கேண்டிடா நுழைவதற்கான வாசல்களும் இவர்களுக்குக் கூடுதல். ஆனால் இன்று கையில் இருக்கும் பூஞ்சைக்கொல்லிகளின் அளவுகள் பெரும்பாலும் நடுத்தர எடை கொண்டவர்களிடம் சோதித்து முடிவானவை. குழந்தைக்கு மைக்காஃபங்கின் என்ற பூஞ்சைக்கொல்லியை எழுதும்போது கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று கவனமாகக் கணக்கிடுகிறார்கள். 50 கிலோவைத் தொட்டதும் 100 மில்லிகிராம் என்ற உச்சவரம்போடு அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எடை எவ்வளவு ஏறினாலும் மருந்து ஏறுவதில்லை.

அப்படியானால் எல்லா மருந்தையும் எடைக்கு எடை கூட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். எடை இரண்டு மடங்கானால் உடல் இரண்டு மடங்காவதில்லை. கூடுகிற எடையில் பெரும்பங்கு கொழுப்பு. 20 முதல் 40 சதவீதம் வரை தசை, இரத்தம், உறுப்புகள் போன்ற கொழுப்பற்ற பகுதி. கொழுப்புத் திசுவில் தண்ணீர் குறைவு, தசையில் அதிகம். இதயம் நிமிடத்துக்கு அனுப்பும் இரத்தம் கூடுகிறது. சிறுநீரகம் பழுதடையத் தொடங்கும்வரை அதன் வடிகட்டும் வேகமும் கூடுகிறது. கல்லீரலில் கொழுப்பு படிந்து, மருந்துகளை உடைக்கும் நொதிகளில் சில சோர்ந்துபோகின்றன, சில வேகம் பிடிக்கின்றன. மருந்து உடலில் எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பது முதல் டோஸைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பது தினசரி டோஸைத் தீர்மானிக்கிறது. பருமன் இந்த இரண்டையும் மாற்றுகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு விதமாக மாற்றுகிறது.

ஃப்ளூகோனசோலைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரிலிருந்த ஃபைசர் ஆய்வகத்தில் கென் ரிச்சர்ட்சன் குழு உருவாக்கிய மருந்து இது. 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தண்ணீரில் கரையும், இரத்தப் புரதத்தோடு 11, 12 சதவீதம் மட்டுமே ஒட்டும், உடலில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் போகும், சுமார் 80 சதவீதம் உருமாறாமல் சிறுநீரில் வெளியேறும். அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 30 மணி. அதனால் தினசரி அளவை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் மருந்து நிலைபெற ஐந்தாறு நாட்கள் பிடிக்கும். அவ்வளவு நாள் காத்திருக்க நோயாளிக்கு நேரமில்லை. ஆகவே முதல் நாள் இரட்டிப்பு டோஸ். டாக்டர்கள் இதை லோடிங் டோஸ் என்பார்கள்.

அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, முதல் நாளுக்கு 800 மில்லிகிராம் என்றும் பக்கத்திலேயே கிலோவுக்கு 12 மில்லிகிராம் என்றும் எழுதுகிறது. தினசரி அளவு 400, அதாவது கிலோவுக்கு 6. இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போவது 67 கிலோ எடையுள்ள உடலில் மட்டும்தான். 5 அடி 7 அங்குல உயரமும் 130 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால், கிலோக் கணக்குப்படி அவருக்கு முதல் நாள் 1,560 மில்லிகிராம், பிறகு தினம் 780. அவசரத்தில் கேஸ் ஷீட்டில் எழுதப்படுவது பழகிப்போன 800, 400. பாதி மருந்துதான் ஏறுகிறது.

பாதி போதுமா போதாதா என்பது பூஞ்சையைப் பொறுத்தது. இரத்தத்தில் ஒரு நாளில் சேரும் மருந்தின் மொத்த அளவை, அந்தப் பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்சச் செறிவால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். கடுமையான நோயாளிகளிடம் 100 என்ற விகிதத்தைப் பல ஆய்வாளர்கள் இலக்காக வைக்கிறார்கள். சிறுநீரகம் சரியாக இருக்கும் நடுத்தர எடைக்காரருக்குத் தினம் 400 மில்லிகிராம் கொடுத்தால் மொத்த அளவு 400 அலகைச் சுற்றி வரும். தடுப்புச் செறிவு 1 ஆக இருக்கும் கேண்டிடாவுக்கு அது தாராளம். 4 என்றால் விளிம்பு. அதே 400 மில்லிகிராம், மருந்தை வேகமாக வடிகட்டி அனுப்பும் பெரிய உடலுக்குப் போகும்போது, விளிம்பில் இருந்தவர் கீழே விழுகிறார். ஐரோப்பிய ஐ.சி.யூ.க்களில் நடந்த டாலி ஆய்வில், ஃப்ளூகோனசோல் பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் இந்த இலக்கை எட்டவில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், பருமனானவர்கள் உட்பட 21 தீவிர நோயாளிகளின் இரத்த அளவுகளை ஆராய்ந்து, நிலையான டோஸை விட்டுக் கிலோக் கணக்கில் 12, 6 என்று கொடுப்பதே சரி என்ற முடிவுக்கு வந்தார்கள்.

டயாலிசிஸ் சேர்ந்தால் நிலைமை இன்னும் தலைகீழ். சிறுநீரகம் பழுதானால் ஃப்ளூகோனசோலைக் குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் ஐ.சி.யூ.வில் 24 மணி நேரமும் ஓடும் தொடர் டயாலிசிஸ் இயந்திரம் இயல்பான சிறுநீரகத்தைவிட வேகமாக இந்த மருந்தை வெளியேற்றிவிடக்கூடும். ஆரோக்கியமான சிறுநீரகம் வடிகட்டிய ஃப்ளூகோனசோலில் பெரும்பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது; இயந்திரத்துக்கு அந்த வேலை தெரியாது. பருமனான நோயாளி, தொடர் டயாலிசிஸ், சிறுநீரகப் பழுதுக்காகக் குறைத்து எழுதப்பட்ட டோஸ் ஆகிய மூன்றும் ஒரே படுக்கையில் சந்தித்தால், மருந்து கொடுத்தும் கொடுக்காத நிலைதான்.

இன்று கேண்டிடீமியாவுக்கு முதலில் எழுதப்படுவது எக்கினோகேண்டின் குடும்பத்து மருந்துகள். பூஞ்சையின் செல்சுவரைக் கட்டும் குளூக்கான் நாரைத் தயாரிக்க விடாமல் இவை தடுக்கின்றன. அமெரிக்காவில் காஸ்போஃபங்கின் 2001இலும், மைக்காஃபங்கின் 2005இலும், அனிடுலாஃபங்கின் 2006இலும் அனுமதி பெற்றன. சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, பக்கவிளைவு குறைவு, எல்லோருக்கும் ஒரே டோஸ் என்ற வசதிகள் இவற்றை ஐ.சி.யூ.க்களின் செல்ல மருந்துகளாக்கின. அந்தக் கடைசி வசதிதான் பருமனானவர்களுக்கு வினையாக வந்தது.

டெக்சாஸைச் சேர்ந்த டவாண்டா கும்போவும் ரொனால்ட் ஹாலும் மைக்காஃபங்கினைப் பல ஆண்டுகள் துருவினார்கள். நோயாளியின் எடை 66 கிலோவைத் தாண்டும்போதே மருந்து வெளியேறும் வேகம் கூடுவதை முதலில் கண்டார்கள். பிறகு மெலிந்தவர், பருமனானவர், மிகக் கடுமையாகப் பருத்தவர் என்று தன்னார்வலர்களைச் சேர்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், எடை ஏற ஏற வெளியேற்றமும் ஏறிக்கொண்டே போவதைக் காட்டினார்கள். அந்த ஏற்றம் எடைக்கு நேர்விகிதத்தில் இல்லை. அதைவிடக் குறைந்த சரிவில் போகிறது. அந்தக் கணிதத்தை அப்படியே வார்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் பின்னர் எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தார்கள்: கிலோவில் எடை, அதோடு 42ஐக் கூட்டு, வருவது மில்லிகிராம். 58 கிலோ ஆளுக்கு அது சரியாக 100, அதாவது வழக்கமான டோஸ். 130 கிலோ ஆளுக்கு 172. அவருக்கு இன்று பெரும்பாலான இடங்களில் ஏறுவது 100. படுக்கையருகே மனக்கணக்காகவே போடக்கூடிய இப்படியொரு வழி இருந்தும் மருந்துக் குறிப்புகளில் அது ஏறவில்லை என்பது வருத்தமான விஷயம்.

அனிடுலாஃபங்கினிலும் இதே கதை. நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 124 முதல் 166 கிலோ வரை எடையுள்ள எட்டுப் பேரிடம் அளந்து 2018இல் வெளியிட்டபோது, அவர்களுடைய இரத்தம் கண்ட மொத்த மருந்து வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. 140 கிலோவுக்குக் கால் பங்கும் 200 கிலோவுக்குப் பாதியும் டோஸைக் கூட்டலாம் என்பது அவர்கள் யோசனை. காஸ்போஃபங்கினிலும், அறுவைக்குப் பின் ஐ.சி.யூ.வில் இருந்த நோயாளிகளிடம் 75 கிலோவுக்கு மேல் போனவர்களின் இரத்தத்தில் மருந்து குறைவாகத் தங்குவது 2007இலேயே தெரிந்துவிட்டது.

டோஸைக் கூட்டினால் ஆபத்தா? இந்தக் குடும்பத்தில் அந்தப் பயத்துக்கு அதிக இடமில்லை. காஸ்போஃபங்கினைத் தினம் 150 மில்லிகிராம் வரை கொடுத்து, வழக்கமான டோஸோடு ஒப்பிட்ட சோதனை 2009இல் வெளியானது. கூடுதல் பக்கவிளைவு எதுவும் தெரியவில்லை. மைக்காஃபங்கினில் 100க்கும் 150க்கும் இடையே நடந்த ஒப்பீட்டிலும் அப்படித்தான். நோயாளி சரியாகத் தேறாவிட்டால் மைக்காஃபங்கினை 200 மில்லிகிராம் வரை உயர்த்தலாம் என்று ஐரோப்பியக் குறிப்பே அனுமதிக்கிறது. தேறாமல் போகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? குறைவாகக் கொடுப்பதன் விலை உயிர், கூட்டிக் கொடுப்பதன் விலை இன்னொரு வயல் (குப்பி) மருந்து என்னும்போது, கடுமையாகப் பருத்த நோயாளிக்கு முதல் நாளிலிருந்தே கூட்டுவதுதான் நியாயம்.

ஆனால் அதே நியாயத்தை ஆம்ஃபோடெரிசினிடம் கொண்டுபோனால் தவறாகிவிடும். வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1950களில் பிறந்த இந்தப் பழைய மருந்து, இன்று கொழுப்பு உறையில் பொதிந்த லைபோசோமல் வடிவில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் என்று எழுதப்படுகிறது. சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் குணம் இந்த வடிவில் குறைந்திருக்கிறதே தவிர, மறையவில்லை. நைமேகன் குழு 2020இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், உடல் எடை குறைப்பு அறுவைக்கு வந்த, 100 கிலோவுக்கு மேற்பட்டவர்களிடம் இதன் வெளியேற்றத்தை அளந்தார்கள். எடை கூடியும் வெளியேற்றம் கூடவில்லை. கிலோக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் 130 கிலோ நோயாளிக்கு 650 மில்லிகிராம், 50 மில்லிகிராம் வயல்களாகப் பதின்மூன்று. அவர்கள் சொல்வது, 100 கிலோவைத் தாண்டியவர்களுக்கு 500 மில்லிகிராமில் நிறுத்திவிடலாம், குறைந்த டோஸ் போதும் என்றால் 300இல். சிறுநீரகமும் பிழைக்கும், மூன்று வயல்களின் செலவும் மிஞ்சும்.

வோரிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியும் இந்தப் பக்கம்தான். முழு எடையைப் பெருக்கிக் கொடுத்த பருமனான நோயாளிகளின் இரத்தத்தில் மருந்து எல்லை மீறி ஏறியதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இந்த மருந்தில் டோஸைச் சற்றுக் கூட்டினாலும் இரத்த அளவு எகிறிவிடும். எகிறினால் கண்முன் இல்லாதவை தெரியும், மனம் குழம்பும், கல்லீரல் பாதிக்கப்படும். அதனால் உயரத்துக்கு ஏற்ற எடையோடு, மிகுதி எடையில் 40 சதவீதத்தை மட்டும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறார்கள். நமது 130 கிலோ ஆளுக்கு அந்த எடை சுமார் 92 கிலோ. இதோடு, வோரிகோனசோலை உடைக்கும் நொதி பிறவியிலேயே மந்தமாக இருப்பவர்கள் ஆசியர்களிடையே அதிகம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஐந்தாம் நாளையொட்டி இரத்த அளவைப் பார்க்காமல் இதைத் தொடர்வது இருட்டில் நடப்பதாகும்.

ஆக, ஒரே நோயாளி, ஒரே எடை. மைக்காஃபங்கினுக்குக் கூட்ட வேண்டும், ஆனால் நேர்விகிதத்தில் அல்ல. ஃப்ளூகோனசோலுக்குக் கிலோக் கணக்கில் கூட்ட வேண்டும். வோரிகோனசோலுக்குத் திருத்திய எடை. லைபோசோமல் ஆம்ஃபோடெரிசினுக்கு உச்சவரம்பு. நள்ளிரவில் ஐந்து படுக்கைகளைக் கவனிக்கும் பயிற்சி மருத்துவர் இதையெல்லாம் நினைவிலிருந்து எழுதுவார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நோயாளிக்கும் செய்யும் அநீதி. வார்டிலேயே மருந்தியல் வல்லுநர் இருக்கும் மருத்துவமனைகளில் இந்தச் சுமை பகிரப்படுகிறது.

இங்கே மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன சான்றுகள் அனேகமாக எல்லாமே இரத்தத்தில் மருந்தின் அளவைப் பற்றியவை. பருமனான கேண்டிடீமியா நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான டோஸும் மறுபாதிக்கு எடைக்கேற்ற டோஸும் கொடுத்து, யார் அதிகம் பிழைத்தார்கள் என்று பார்த்த பெரிய சோதனை நடந்ததில்லை. காஸ்போஃபங்கின் 150 மில்லிகிராம் சோதனையிலும் குணமானவர்களின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூடிவிடவில்லை. இரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிகளைப் பொதுவாகப் பார்த்தால், பருமனானவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இறக்கவில்லை, சில இடங்களில் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அப்படியிருக்க டோஸைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 150 மில்லிகிராம் சோதனை எல்லா எடைக்காரர்களையும் கலந்து பார்த்தது. 60 கிலோ ஆளுக்கு 50 மில்லிகிராமே போதும் என்பதால் அவரிடம் வித்தியாசம் தெரிய வழியில்லை. கேண்டிடீமியாவில் உயிர் போவதும் மிஞ்சுவதும் மருந்தின் அளவை மட்டும் நம்பி இல்லை. எப்போது தொடங்கினார்கள், சென்ட்ரல் லைனை எடுத்தார்களா, வயிற்றிலிருந்த சீழை வடித்தார்களா என்பவை பெரிய காரணங்கள். அந்த இரைச்சலில் டோஸின் குரல் அமுங்கிப்போகிறது. சீழ்க்கட்டிக்குள்ளும் வயிற்று அறைக்குள்ளும் எக்கினோகேண்டின்கள் இயல்பாகவே குறைவாகத்தான் நுழைகின்றன. இரத்தத்திலேயே மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அங்கே என்ன மிஞ்சும்? அப்படிப்பட்ட மூலைகளில்தான் கேண்டிடா கிளாப்ரேட்டா போன்றவை மருந்துக்கு அடங்காத மரபணு மாற்றங்களைப் பெறுகின்றன. 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டு, இன்று உலக மருத்துவமனைகளை அலைக்கழிக்கும் கேண்டிடா ஆரிஸ், பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு மசிவதில்லை. அதனிடம் எஞ்சியிருக்கும் முக்கிய ஆயுதம் எக்கினோகேண்டின். அதைப் போதாத அளவில் வீசிப் பூஞ்சையைப் பழக்கப்படுத்துவது, இன்றைய நோயாளியோடு நாளைய நோயாளியையும் பாதிக்கும்.

தமிழ்நாட்டில் 160 கிலோ நோயாளிகள் எத்தனை பேர், இது மேல்நாட்டுப் பிரச்சினைதானே என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பியக் குறிப்பு கோடு போட்டிருப்பது 80 கிலோவில். மைக்காஃபங்கின் வேகமாக வெளியேறத் தொடங்குவது 66 கிலோவில். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். சென்னையிலோ கோவையிலோ ஐ.சி.யூ.வில் 85 கிலோ நோயாளி அபூர்வமானவர் அல்ல. அதோடு, ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட இந்தியருக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பது தெரிந்ததே. நெதர்லாந்து உடல்களிலும் டெக்சாஸ் உடல்களிலும் கிடைத்த எண்களை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது.

முதல் தேவை மிகச் சாதாரணமானது: எடை பார்ப்பது. மயக்கத்தில் வரும் நோயாளியை நிறுக்க வழியில்லாமல், உடன் வந்தவர்கள் சொல்லும் உத்தேச எடையை எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. படுக்கையோடு சேர்ந்த தராசு ஒன்றும், உயரம் அளக்க நாடா ஒன்றும் இல்லாமல் மேலே சொன்ன எந்தக் கணக்கும் தொடங்காது. அடுத்தது பணம். கூடுதல் வயல் உடைக்க வேண்டும் என்றால் பல குடும்பங்களில் அது கைப்பணம். ஆனால் ஆம்ஃபோடெரிசினில் மிச்சமாகும் மூன்று வயல்களும் அதே கைப்பணம்தான்.

மூன்றாவது, நம்முடைய சொந்த எண்கள். 1,400 பேரைப் பார்த்த அந்த இந்திய ஆய்வில் முதலிடம் பிடித்தது மேலை நாடுகளில் மிகுந்திருக்கும் அல்பிகன்ஸ் அல்ல, 41.6 சதவீதத்தோடு கேண்டிடா டிராபிகாலிஸ். பூஞ்சையும் வேறு, உடலமைப்பும் வேறு என்னும்போது டோஸ் மட்டும் இரவலாக இருக்கக் கூடாது. 80 கிலோவுக்கு மேற்பட்ட நோயாளிகளிடம், அவர்களோ உறவினரோ சம்மதித்தபின், ஒரு டோஸுக்கும் அடுத்த டோஸுக்கும் இடையே ஐந்தாறு முறை சிறிதளவு இரத்தம் எடுத்து மைக்காஃபங்கின், காஸ்போஃபங்கின் அளவுகளைப் பார்த்தால் போதும். நைமேகனில் எட்டுப் பேரை வைத்தே ஒரு விடை கிடைத்தது. அளக்கத் தேவையான குரோமட்டோகிராஃபிக் கருவிகள் நம் பெரிய ஆராய்ச்சி மருத்துவமனைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன.